சாட்ஸ்வொர்த்தில் பத்திரமாக இருப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் நான் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். கோயில் வேலைக்கு வரும் ஸ்தபதிகளும் அர்ச்சகர்களும், கம்ப்யூட்டர் வேலைக்கு வரும் பிள்ளைகளும், இங்கே வாழ்க்கைப்பட்டு வரும் பெண்களும் வந்த முதல் வாரத்திலேயே கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். யாரையும் பயமுறுத்த எனக்கு மனமில்லை. ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, போங்கள்’ என்று மழுப்பவும் மனமில்லை.

சாட்ஸ்வொர்த் எப்படிப்பட்ட ஊர்?

ஊர் உருவான கதை தெரியாமல் இங்குள்ள குற்றங்களைப் பற்றிப் பேச முடியாது. இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்று 1950-இல் வெள்ளையர் அரசு ஒரு சட்டம் போட்டது. கேட்டோ மேனர், மேகசின் பாரக்ஸ் போன்ற இடங்களில் தலைமுறைகளாக இருந்த இந்தியக் குடும்பங்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். 1964 முதல் ஆட்கள் குடியேறினார்கள். ஒரு பக்கம் வெள்ளையர் பகுதி, மறுபக்கம் கறுப்பின மக்களின் உம்லாசி. நடுவே தடுப்புச் சுவர்போல இந்த ஊரை வைத்தார்கள். ஊரின் பகுதிகளுக்கு யூனிட் 1, யூனிட் 2 என்று எண்தான் கொடுத்தார்கள். இன்றும் பழைய ஆட்கள் ‘யூனிட் 7-இல் இருக்கிறேன்’ என்றுதான் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர், கோயில், கடை, வேலைக்குப் போகும் தூரம் எல்லாம் ஒரே நாளில் மாறிப்போன குடும்பங்கள் இவை. புது இடத்தில் தெருவுக்குத் தெரிந்த பெரியவர் என்று யாரும் இல்லை. பையன் தப்பு செய்தால் காதைத் திருக ஒரு மாமா இல்லை. அந்த இழப்பை ஈடுகட்டக் கோயில்களும் பஜனைக் குழுக்களும் தமிழ்ப் பள்ளிகளும் பாடுபட்டன. இன்று சுமார் 2 லட்சம் பேர் வாழும் ஊர் இது. நல்ல ஊர். வெஸ்ட்கிளிஃபில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் ஒரு சனிக்கிழமை காலை கீரையும் கறிவேப்பிலையும் வாங்கிப் பாருங்கள், தெரியும்.

இந்தியாவோடு ஒப்பிட்டால் இங்கே குற்றம் எவ்வளவு அதிகம்?

மறைக்காமல் சொல்கிறேன், மிக அதிகம். 2022-இல் இந்தியா முழுவதும் பதிவான கொலைகள் சுமார் 28,500. தென்னாப்பிரிக்காவில் 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை 27,494. எண்ணிக்கை கிட்டத்தட்ட சமம். ஆனால் அங்கே 140 கோடி மக்கள், இங்கே 6 கோடிப் பேர். 1 லட்சம் பேருக்கு அங்கே 2 கொலை என்றால், இங்கே சுமார் 45.

ஆனால் இந்த 45 நாடு முழுவதும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. கொலையில் பெரும்பங்கு, தெரிந்தவர்களுக்குள் குடிபோதையில் வரும் சண்டை, கோஷ்டிப் பகை, பழிவாங்கல் இவற்றால் நடப்பது. ஏழ்மை மிகுந்த சில பகுதிகளில்தான் அது குவிந்து கிடக்கிறது. பகலில் மார்க்கெட்டுக்குப் போய் வரும் ஒரு குடும்பத் தலைவிக்கு உள்ள ஆபத்து வேறு வகை. பர்ஸ், செல்போன், கழுத்துச் சங்கிலி, கார். நீங்கள் தயாராக இருக்க வேண்டியது அதற்குத்தான்.

காவல் துறை வெளியிடும் புள்ளிவிவரத்தை எப்படிப் படிப்பது? ‘குற்றம் 30 சதவீதம் கூடிவிட்டது’ என்று வாட்ஸ்ஆப்பில் வருகிறதே?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பயம் இந்த எண்களைத் தவறாகப் படிப்பதால் வருகிறது.

காவல் துறைக்கு வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியாகும், ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் தனித்தனியாக. இங்கேதான் முதல் குழப்பம். சாட்ஸ்வொர்த் காவல் நிலையம் என்பது சாட்ஸ்வொர்த் ஊர் ஆகாது. ஊரின் ஒரு பகுதி பேவியூ காவல் நிலையத்தின் கீழ் வருகிறது. ஆகவே ஒரு நிலையத்தின் எண்ணை மட்டும் பார்த்து ‘நம் ஊரில் இவ்வளவுதான்’ என்றோ ‘இவ்வளவா!’ என்றோ சொல்லக் கூடாது.

இரண்டாவது, சதவீதம். ஒரு காலாண்டில் 2 கார் பறிப்பு, அடுத்த வருடம் அதே காலாண்டில் 4 என்றால் 100 சதவீதம் உயர்வு என்று செய்தி வரும். நடந்தது கூடுதலாக இரண்டு. அந்த இரண்டு குடும்பத்துக்கும் அது பெரிய துயரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊரே கைமீறிப் போய்விட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது. சதவீதம் வந்தால் உடனே ‘எத்தனையிலிருந்து எத்தனை?’ என்று கேளுங்கள்.

மூன்றாவது, எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு. 2023/24-இல் கொலை எண்ணிக்கையில் முதலிடம் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்துக்கு. ஆனால் 1 லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் ஈஸ்டர்ன் கேப் முந்திவிடுகிறது. டர்பன் நகர மையத்தில் குடியிருப்பவர்களைவிடப் பகலில் வந்து போகிறவர்கள் பல மடங்கு. அங்கே பறிபோன செல்போன்களைக் குடியிருப்பவர்களின் தலையால் மட்டும் வகுத்தால் எண் தாறுமாறாகத்தான் வரும்.

நான்காவது பலருக்கும் தெரியாத விஷயம். போதைப்பொருள் வழக்கு, சட்டவிரோதத் துப்பாக்கி, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது இவையெல்லாம் பெரும்பாலும் போலீஸ் தேடிப் போய்ப் பிடித்தால்தான் பதிவாகும். இந்த எண் ஏறினால் போலீஸ் வேலை செய்திருக்கிறது என்றும் அர்த்தம் இருக்கலாம். இறங்கினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, சோதனை நின்றுபோயிருக்கலாம்.

கடைசியாக, எண்ணில் வருவது புகார் கொடுத்தவை மட்டும். கார் திருட்டு அநேகமாக முழுக்கப் பதிவாகும், வழக்கு எண் இல்லாமல் இன்சூரன்ஸ் கிடைக்காது. கொலையை மறைப்பது கஷ்டம். ஆனால் செல்போன் பறிப்பு, தோட்டத்தில் திருட்டு, வீட்டுக்குள் அடி உதை இதெல்லாம் பாதிக்கு மேல் வெளியே வருவதே இல்லை. அதனால் ஊரின் போக்கு தெரிய வேண்டுமென்றால் நான் முதலில் கொலையையும் கார் பறிப்பையும் பார்ப்பேன், அதுவும் நான்கைந்து வருடக் கணக்காக.

திருட்டு, கொள்ளை என்று இரண்டு மூன்று பெயரில் போடுகிறார்களே, என்ன வித்தியாசம்?

நீங்கள் இல்லாதபோது பூட்டை உடைத்து எடுத்தால் வீடு புகுந்த திருட்டு. நீங்கள் உள்ளே இருக்கும்போது மிரட்டியோ அடித்தோ எடுத்தால் வீட்டுக் கொள்ளை. சட்டத்தில் இரண்டாவது மிகக் கடுமையான குற்றம். வாக்குமூலம் எழுதும்போது ‘கத்தியைக் காட்டினான்’ என்பதை விட்டுவிட்டால் வழக்கு சாதாரணத் திருட்டாகிவிடும்.

‘சுகர்ஸ்’ என்கிறார்களே, அது என்ன?

சர்க்கரை இல்லை. மட்டமான ஹெராயினில் கண்டதையும் கலந்து விற்கும் தூள். 2005 வாக்கில் சாட்ஸ்வொர்த்தில் பெரிதாகத் தலையெடுத்து டர்பன் முழுவதும் பரவியது. கறுப்பினப் பகுதிகளில் இதற்கு நெருக்கமான சரக்கை ஊங்கா என்கிறார்கள். ஒரு வேளைக்கு வேண்டியது சில்லறைக் காசுக்கே கிடைக்கும். ஆனால் சில மணி நேரத்தில் போதை இறங்கி வயிற்றைப் பிசையும் வலி வரும். அந்த வலிக்குத் தெருவில் அரோஸ்டா என்று பெயர். அதிலிருந்து தப்பத்தான் அடுத்த வேளை, அதற்குக் காசு, அதற்குத் திருட்டு. இந்த ஊரில் காணாமல் போகும் பித்தளைக் குழாய், தண்ணீர் மீட்டர், செம்புக் கம்பி, கோயில் மணி எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போவதன் பின்னணி இதுதான்.

என் வீட்டிலேயே நடந்தது. ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்குச் சோவென்று சத்தம். மழை என்று நினைத்து எழுந்து பார்த்தால் முற்றத்துக் குழாய் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. தண்ணீர் சுவர் உயரத்துக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. எடுத்தவன் யாரென்று காலையிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் ஞாயிறு வகுப்பில் தேவாரம் பாடிய பையன். அன்று மத்தியானம் அவனுடைய அம்மா வந்தார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, நாணயமாகவும் கசங்கிய நோட்டாகவும் குழாய்க்கான காசை மேஜைமேல் எண்ணி வைத்தார். ‘ஆன்ட்டி, போலீசுக்குச் சொல்லுங்கள், சொன்னால்தான் அவனை எங்கேயாவது சேர்ப்பார்கள்’ என்றார். பெற்ற தாய் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது. காசை நான் வாங்கவில்லை. புகார் கொடுத்தேன். அப்புறம் ஊரில் போதை ஒழிப்பு வேலை செய்கிறவர்களிடம் அவனைக் கூட்டிப்போனோம். இரண்டு முறை தவறினான். மூன்றாம் முறை நின்றான். இன்று டைல்ஸ் போடும் வேலை செய்கிறான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், புதிதாக வருகிறவர்கள் ‘வெளியாட்கள்தான் திருடுகிறார்கள்’ என்று ஒரே வாரத்தில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை.

வீட்டுக்கு என்ன பாதுகாப்பு செய்ய வேண்டும்?

வாடகைக்கு எடுக்கும்போதே ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே அதை பர்க்ளர் கார்ட் என்பார்கள். ஆனால் படுக்கையறைக் கம்பியில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும், சாவி கைக்கெட்டும் இடத்தில் தொங்கட்டும். தீப்பிடித்தால் அதே கம்பி எமனாகிவிடும். பின்பக்கத் தனிக் கட்டடத்தில் (அவுட்பில்டிங்) குடியிருப்பவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும், அங்கே பெரும்பாலும் ஒரே வாசல்தான்.

ஆயுதத்துடன் வந்து உதவும் தனியார் காவல் நிறுவனங்கள் மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும். நாட்டில் வேலையில் இருக்கும் தனியார் காவலாளிகள் 5 லட்சத்துக்கும் மேல், போலீசைவிடப் பல மடங்கு. சேரும் முன் அந்த நிறுவனம் பிசிரா என்ற ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானதா என்று கேளுங்கள். காசு இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். ஒரு விசில், ஒரு நல்ல வெளி விளக்கு, இரண்டு பக்கத்து வீட்டு நம்பர்கள், இந்த மூன்றும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கல்யாணம், கிரகப்பிரவேசம், காவடி என்று குடும்பத்தோடு கிளம்பும்போது வீட்டில் ஒருவரையாவது இருக்கச் சொல்லுங்கள். விசேஷப் படத்தை வாட்ஸ்ஆப்பில் வீடு திரும்பிய பிறகு போட்டால் போதும்.

கார் பறிப்புக்கு எப்படித் தயாராவது?

பல நேரம் வீட்டு வாசலிலேயே நடக்கிறது. கேட் திறக்கும்வரை வண்டியை வாசல் சரிவில் ஏற்றி நிறுத்தாதீர்கள். அங்கே நிறுத்தினால் பின்னால் ஒரு வண்டி வந்து அடைத்துவிடும், உங்களுக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. தெருவிலேயே நின்று, கேட் முழுக்கத் திறந்தபின் உள்ளே போங்கள். கடைசி இரண்டு திருப்பத்தில் கண்ணாடியைப் பாருங்கள். ஒரே வண்டி கூடவே வந்தால் வீட்டுக்குப் போகாமல் காவல் நிலையத்துக்கோ வெளிச்சமான பெட்ரோல் பங்குக்கோ விடுங்கள். சிக்னலை இங்கே ரோபோட் என்பார்கள். ராத்திரியில் தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்து, பச்சை விழும் நேரத்துக்குப் போய்ச் சேர்வது நல்லது.

கடை வளாகத்தில் ரிமோட்டை அமுக்கினால் மட்டும் போதாது, கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். சிக்னலைத் தடுக்கும் கருவியோடு ஆட்கள் நிற்பதுண்டு, நீங்கள் பூட்டியதாக நினைத்துப் போய்விடுவீர்கள்.

துப்பாக்கி காட்டினால் வண்டியைக் கொடுத்துவிடுங்கள். கை இரண்டும் தெரியட்டும், பெல்ட்டைக் கழற்றும்போதுகூட சொல்லிவிட்டு மெதுவாகக் கழற்றுங்கள். பின்னால் குழந்தை இருந்தால் ‘சைல்ட், சைல்ட்’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். 2018 மே மாதம் இந்த ஊரில், பள்ளிக்குப் போகும் வழியில் அப்பாவின் காரைப் பறித்தவர்கள், உள்ளே இருந்த 9 வயதுச் சிறுமியோடு ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் குழந்தை உயிரோடு திரும்பவில்லை. அன்று ராத்திரி ஊர் முழுக்கக் காவல் நிலையத்தின் முன் திரண்டது. அதற்கப்புறம் எங்கள் தெருவில் பல தாய்மார்கள் குழந்தையை ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார வைக்கிறார்கள். இறங்கியதும் அதே பக்கக் கதவைத் திறந்து தூக்கிவிடலாம் என்று.

புகார் கொடுப்பது எப்படி? எனக்கு ஆங்கிலம் சரியாக வராது.

அவசரத்துக்கு 10111. செல்போனில் 112-உம் வேலை செய்யும். ஆம்புலன்ஸ் 10177. தகவல் மட்டும் சொல்ல, பெயர் சொல்லாமலே 08600 10111-க்குப் பேசலாம்.

சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் வழக்குப் பதியலாம். ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. எழுதி வாங்கி உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. ஆள் காணாமல் போனால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் தவறு, உடனே போகலாம். நீங்கள் சொல்வதை வாக்குமூலமாக எழுதி, சத்தியம் வாங்கி, கையெழுத்துக் கேட்பார்கள். படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். இங்கே பிறந்த தமிழர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் பக்கத்து வீட்டு அங்கிளைக் கேட்டால் கூட வராமல் இருக்க மாட்டார். வழக்கு எண் வந்ததும் பத்திரப்படுத்துங்கள், அப்புறம் எது கேட்டாலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

விசா பயத்தால் பேசாமல் இருக்கும் கோயில் பணியாளர்களைப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்திருப்பதும் புகார் கொடுக்க வேண்டிய விஷயம்தான்.

தெருக்காவலில் சேரலாமா?

சேருங்கள், ஆனால் எதில் சேர்கிறோம் என்று தெரிந்து சேருங்கள். 1995-ஆம் ஆண்டுக் காவல் துறைச் சட்டப்படி ஒவ்வொரு நிலையத்துக்கும் சமூகக் காவல் மன்றம் ஒன்று உண்டு. எல்லாரும் சி.பி.எஃப். என்பார்கள். பொதுமக்களும் போலீசும் உட்கார்ந்து பேசும் இடம் அது. தெருவிளக்கு எரியாததிலிருந்து போதை விற்கும் வீடுவரை அங்கே சொல்லலாம். அதன் கீழ் நடக்கும் ரோந்தில் டார்ச், ஒளிரும் மேலாடை, ரேடியோ இருக்கும். வேலை, பார்ப்பதும் சொல்வதும்.

கண்ணெதிரே பெரிய குற்றம் நடந்தால் பொதுமக்களும் ஒருவரைப் பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் உடனே போலீசில் ஒப்படைக்க வேண்டும். அடிக்கவும், கட்டி வைத்து விசாரிக்கவும், படம் எடுத்துப் பரப்பவும் யாருக்கும் உரிமை இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தில் நாட்டில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். டர்பனின் வடக்கே உள்ள ஃபீனிக்ஸ், நம்மவர்கள் அதிகம் வாழும் ஊர். போலீஸ் வரவில்லை, கடைகள் எரிந்தன, மக்கள் தெருவை மறித்துக் காவல் நின்றார்கள். அந்தப் பயம் எனக்கும் தெரியும், நாங்களும் தெருமுனையில் விழித்திருந்தோம். ஆனால் ஃபீனிக்ஸில் அந்தக் காவல் சில இடங்களில் கொலையாக மாறியது. அரசுக் கணக்குப்படி அங்கே 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வேலைக்குப் போய்த் திரும்பியவர்களும் அதில் இருந்தார்கள். ‘நம்மைக் காப்பாற்றிக்கொண்டோம்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். பக்கத்துக் குன்றில் இருக்கும் கறுப்பின மக்களும் நம் அக்கம்பக்கத்தார்தான். அவர்கள் பகுதியில் கொலை நம்மைவிட அதிகம், போலீஸ் வண்டி நம்மைவிடக் குறைவு. இப்போது எங்கள் மன்றக் கூட்டத்தில் அவர்களும் உட்காருகிறார்கள். திருட்டுக் குழாய் வாங்கும் கடை எது என்று முதலில் சொன்னதே அங்கிருந்து வந்த ஒரு அம்மாதான்.

துப்பாக்கி வாங்கலாமா?

வயது 21 ஆகியிருக்க வேண்டும், தேர்ச்சிச் சான்றிதழ் வேண்டும், உரிமம் வேண்டும். குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு அனுமதியோ இருந்தால் சட்டப்படி முடியும். என் அபிப்பிராயம், வேண்டாம். கொள்ளைக்காரன் தேடி வரும் பொருள்களில் துப்பாக்கியும் ஒன்று. ஓடுகிறவன் முதுகில் சுட்டால் தற்காப்பு ஆகாது.

வீட்டுக்குள்ளேயே அடி வாங்கும் பெண் எங்கே போவது?

இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து, யாரையும் தெரியாமல் இருக்கும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். 0800 428 428. எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்டு மனுப் போடலாம், வக்கீல் தேவையில்லை. அடி மட்டும் இல்லை, பணத்தைப் பிடுங்குவது, வெளியே விடாமல் பூட்டுவது, ஓயாமல் மிரட்டுவது எல்லாமே 1998-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வரும். பாலியல் வன்கொடுமை நடந்திருந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஃபீனிக்ஸ் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும் உம்லாசி மருத்துவமனையிலும் துதுசேலா என்ற தனிப் பிரிவு இருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 116.

‘குடும்ப மானம்’ என்று சொல்லும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. அந்தப் பெண்ணின் அப்பா அம்மா கடல் தாண்டி இருக்கிறார்கள். அவளுக்கு இங்கே அந்த இடத்தில் இருப்பது நீங்கள்தான்.

போலீசை நம்பலாமா?

நல்லவர்களும் உண்டு, விலைபோனவர்களும் உண்டு. 2025 ஜூலை 6-இல் குவாசூலு-நட்டால் மாகாணக் காவல் ஆணையரே, குற்றக் கும்பல்கள் காவல் துறைக்குள்ளும் அரசியலுக்குள்ளும் புகுந்துவிட்டதாக வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். நீதிபதி மட்லங்கா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. நிலைமை அப்படி. ஆனாலும் நம்பிக்கை இல்லை என்று புகாரே கொடுக்காவிட்டால் கணக்கில் நம் தெரு அமைதியான தெருவாகத் தெரியும், இருக்கிற ஒரு ரோந்து வண்டியும் வேறு பக்கம் போய்விடும். போலீஸ்காரர் அடித்தாலோ லஞ்சம் கேட்டாலோ, ஐபிட் என்ற தனி விசாரணை அமைப்பு இருக்கிறது.

தாலியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டுமா?

அதிகம் பேர் கேட்பதும், கண் கலங்கிக் கேட்பதும் இதுதான். இந்தியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கழுத்தில் கனமான சங்கிலி தெரிய நடப்பது வேண்டாம், அறுத்து இழுக்கும்போது கழுத்துக் காயமாகிறது. இங்குள்ள ஆயாக்கள், அதாவது பாட்டிமார்கள், வழி காட்டியிருக்கிறார்கள். பொன் தாலியைப் பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொள்வார்கள். ஆடி வெள்ளிக்கு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பழைய கயிற்றை மாற்றிப் புதுக்கயிறு கட்டிக்கொள்வார்கள். போன ஆடியில், புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குக் கிழங்கைச் சீவி, நுனியில் ஓட்டை போட்டுக் கொடுத்தவர் 80 வயதைத் தாண்டிய ஒரு ஆயா. தன் கயிற்றைத் தூக்கிக் காட்டி, ‘நாப்பது வருஷமா இதுதான்மா, பெருமாள் ஒண்ணும் கோவிச்சுக்கலே’ என்றார்.